பைபர் நானா போட்ட ஒரே ஓட்டை

பக்கத்து வீட்டு மாடியில் யாரோ வெடித்துப்போன தண்ணீர்த் தாங்கிக்கு ரெசின் பூசுகிறார்கள். அந்த வாசம் மூக்கால் ஏறி, நெற்றிக்குப் பின்னால் போய்ச் சம்மணமிட்டு உட்கார்ந்துகொள்ளும். தெருவே மூக்கைப் பொத்துகிறது. நான் மட்டும் யன்னலைத் திறக்கிறேன். எனக்கு அது சங்கீத வாசம்.

இந்தத் தீவிலேயே, கடலில் எறிந்தாலும் தாழாத மண்டலின் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதைச் செய்தவர் மாம்புரி பைபர் நானா. வேறெங்காவது இருந்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மற்றதெல்லாம் மரம், ஊறி, வெடித்து, மீனுக்கு வீடாகிவிடும்.

அடையாள அட்டையில் அவருக்கு ஒரு பெயர் இருந்திருக்கும். கரையில் அதைக் கேட்டவர் இல்லை. கண்ணாடி நார்ப் பாயை விரித்து, ரெசின் பூசி, உடைந்த பைபர் வள்ளங்களை ஒட்டுவது அவர் தொழில். கடலடிப் பாறைப் பாரில் மோதியது, லொறியிலிருந்து நழுவியது, மச்சான்மார் சண்டையில் கோடரி வாங்கியது என்று எந்த வள்ளம் வந்தாலும் ஒருமுறை சுற்றி நடப்பார். விரல் முட்டியால் தட்டுவார். காதை வைப்பார். “இங்க” என்று சோக்கால் ஒரு வட்டம் போடுவார். கண்ணுக்குத் தெரியாத ஓட்டையும் அந்த வட்டத்துக்குள் வெட்கப்பட்டுக்கொண்டு நிற்கும். கற்பிட்டியிலிருந்து உடப்பு வரை அவர் கை படாத வள்ளம் இல்லை என்பார்கள். நான் கொஞ்சம் குறைத்தே சொல்கிறேன்: கடற்படையின் வள்ளங்களை விட்டுவிடலாம்.

அவருடைய பட்டறைக்கும் நான் வேலை பார்த்த மீனவர் சங்கக் கந்தோருக்கும் நடுவில் ஒரு கிடுகு வேலிதான். நான் எழுதிய வசனகவிதை ஒன்று பத்திரிகையில் வந்தபோது வேலிக்கு மேலால் வாங்கிப் படித்தார். இரண்டு தரம் படித்தார். “தம்பி, இது கதையும் இல்ல, பாட்டும் இல்ல. ரெசின் காயாமலே அச்சில இரிந்து கழட்டிட்டியோ?” என்றார். அதன் பிறகு என்னைப் பற்றி எழுதப்பட்ட எந்த விமர்சனமும் என்னைக் காயப்படுத்தவில்லை, இடமில்லை.

அவருடைய மண்டலினோ நன்றாகவே காய்ந்திருந்தது. வயிறு முழுக்க பைபர். கழுத்து, பழைய தோணியிலிருந்து வெட்டிய பூவரசங்கட்டை. விரல் வைக்கும் கட்டைகளுக்குச் சைக்கிள் சில்லுக் கம்பி. எட்டுத் தந்திகளும் சூரை மீன் பிடிக்கிற தூண்டிலில் கட்டும் உருக்குக் கம்பி. முறுக்காணி இருக்க வேண்டிய இடத்தில் எட்டு நட்டுகள். மற்றவர்கள் காதைச் சாய்த்துச் சுருதி சேர்ப்பார்கள்; நானா பத்தாம் நம்பர் சாவியை எடுத்து இஞ்சின் பூட்டுகிறவர் போலச் சேர்ப்பார். எல்லா வள்ளத்துக்கும் இலக்கம் இருப்பதுபோல இதன் முகத்திலும் நீல மையால் ஒரு இலக்கம் எழுதியிருந்தார். “கடலுக்குப் போற சாமான் இலக்கம் இல்லாமப் போகப்படா.”

வாசிக்கச் சொன்னால் புதுமாப்பிள்ளைபோல் நெளிவார். “மிதக்குமாமே?” என்று கேட்டால் போதும், சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு களப்புத் தண்ணீருக்குள் இறங்கிவிடுவார். தாரா போல அது மிதந்து போகும். பார்த்தவர்கள் கைதட்டுவார்கள். துடைத்து எடுத்துக்கொண்டு வந்து மடியில் வைத்து வாசிப்பார். அப்போதுதான் பிரச்சினை.

கேட்காது.

போத்தலுக்குள் அடைத்த நுளம்பு பாடுவதுபோல் இருக்கும். பக்கத்தில் காதை ஒட்ட வேண்டும். அப்படி ஒட்டியவர்களில் நானும் ஒருவன். அதனால்தான் சொல்கிறேன், உள்ளே இருந்தது சாதாரண வாசிப்பில்லை. அலை பின்வாங்கும்போது சிப்பிகள் ஒன்றோடொன்று உரசுமே, அந்தச் சரசரப்பை அவர் எட்டுக் கம்பிக்குள் பிடித்து வைத்திருந்தார். ஆனால் அந்த மண்டலினில் ஓட்டை இல்லை. சத்தம் வெளியே வருகிற வட்டம் எந்த மண்டலினுக்கும் இருக்கும். இவர் போடவில்லை.

“நானா, ஒரு ஓட்டை போட்டால் சரியாகிவிடும்.”

“ஓட்ட போடச் செல்றியா? நான் ஆரு? ஓட்ட அடைக்கிறவன். டொக்டர்ட்டப் போய், ஆளுக்குக் காய்ச்சல் வர ஊசி போடுங்க எண்டு செல்லுவியா?”

“சத்தம் வர வேணாமா?”

“வேணுமெண்டா கிட்ட வந்து கேளு. கால் இல்லையா ஒனக்கு?”

இப்படியே அந்த வாத்தியம் மௌனமாக மிதந்துகொண்டே இருந்திருக்கும். தலவில தேவாலயத் திருநாளுக்குப் போன பஸ் ஒன்று எங்கள் வாசலில் பழுதானதால் கதை மாறியது. அதிலிருந்து இறங்கிய ஒரு பெண், கொழும்பில் வானொலியில் வேலை செய்கிறவர். மண்டலின் மிதப்பதைப் பார்த்துச் சிரித்தார். பிறகு காதை ஒட்டிக் கேட்டார். சிரிப்பு நின்றுவிட்டது.

“அங்கிள், மூன்று நிமிசம் பதிஞ்சு அனுப்புங்கோ. போன்ல பதிஞ்சாலே காணும். சனிக்கிழமைக்குள்ள வரோணும். இரைச்சல் இருக்கக் கூடாது, மண்டலின் தெளிவாக் கேக்கோணும். நல்லா இருந்தா ஒலிபரப்புவம்.”

பஸ் போனது. நானா அசையவில்லை. அன்று பின்னேரம்தான் எனக்கு அந்தப் பழைய கதையைச் சொன்னார். இளந்தாரியாக இருந்தபோது சிலாபத்தில் ஒரு கல்யாண வாத்தியக் கோஷ்டிக்குப் போயிருக்கிறார். ஒரு பருவம் முழுக்கப் பெட்டி தூக்கி, இடைவேளையில் பிறர் மண்டலினில் திருட்டுத்தனமாக வாசித்துப் பழகியிருக்கிறார். ஒருநாள் ஆள் குறைந்தபோது, “நான் வாசிக்கட்டா?” என்று கேட்டிருக்கிறார். தலைவர் இவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “சொந்தமா வாத்தியம் இல்லாதவனுக்கு இஞ்ச கதிரை இல்லை” என்றாராம்.

“அதுக்குத்தான் தம்பி செஞ்சன். இப்ப வாத்தியம் இரிக்கு. ஒருக்கா, ஒரே ஒருக்கா, நாலு பேருக்குக் கேட்டாக் காணும்.”

முதல் பதிவு அவருடைய முற்றத்தில். திருப்பிக் கேட்டோம். மூன்று கோழி, தேங்காய் துருவும் சத்தம், பாண் ரொட்டி விற்கிறவரின் முச்சக்கர வண்டி வாசிக்கிற மெட்டு, என்னுடைய மூச்சு எல்லாம் தெளிவாக இருந்தன. மண்டலின் இல்லை.

கடற்கரைக்குப் போனோம். காற்று. காற்றாலை இறக்கைகளின் வூ... வூ... தென்னந்தோப்புக்குப் போனோம். அங்கே ஒரு கழுதை நின்றது. இந்தப் பக்கத்துக் கழுதைகளுக்கு இசையறிவு அதிகம். எங்கே சுருதி சேர்ந்தாலும் கூடவே பாடும். அந்தப் பதிவில் கழுதை பிரமாதமாக விழுந்திருந்தது. மண்டலின் இல்லை.

“கழுதக்கு வாய் இரிக்கு நானா. உங்கட மண்டலினுக்கு இல்ல” என்றேன். அவர் பட்டறைக்குள் போய்விட்டார்.

அவருடைய மனைவி, நாங்கள் ராத்தா என்று கூப்பிடுகிறவர், எனக்குத் தேத்தண்ணி தந்தபடி மெல்லச் சொன்னார்.

“அந்த மனிசனோட கோவிக்காத தம்பி. தொண்ணூறுல மன்னார்ல இரிந்து எங்கட சனத்த வெரட்டினப்ப எல்லாரும் வெளிக்கிட்டு வந்தமே, இவர்ட குடும்பம் வந்த வள்ளத்துல ஒரு ஓட்ட. வழி நெடுக உள்ளங்கையால பொத்திக்கிட்டே வந்தவர். கரையில ஏறினப் பொறகும் கை விரியல்லயாம்.”

தேத்தண்ணி ஆறியது. இரண்டு வருடமாக ஒரு மனிதரிடம் என்ன கேட்டுக்கொண்டிருந்தேன் என்று அப்போதுதான் புரிந்தது.

ராத்தா விடவில்லை. எழுந்து பட்டறை வாசலில் போய் நின்றார்.

“இந்தாங்க, ஒண்டு கேக்கட்டா? அந்த வள்ளத்துக்குள்ள ஒங்கட உம்மா இருந்தாங்க. தங்கச்சி இருந்தா. பொத்தினீங்க, சரி. இதுக்குள்ள ஆரு இரிக்கா?”

உள்ளே அரம் தேய்க்கிற சத்தம் நின்றது. பிறகு நானாவின் குரல்: “சத்தம் இரிக்கு.”

“அப்ப அத வெளிய விடுங்களன். அதுக்கும் மூச்சு முட்டாதா?”

வள்ளத்தில் பழுதான இடத்தை ஒட்டுவதற்காக வட்டமாக வெட்டுகிற வாள் ஒன்று அவரிடம் இருந்தது. அதை எடுத்தார். சோக்கால் வட்டம் போட்டார். அடைப்பதற்கில்லாமல் அவர் போட்ட முதல் வட்டம். “பிஸ்மில்லாஹ்” என்றார், கண்ணை மூடினார், அழுத்தினார். வெள்ளைத் தூள் பறந்தது. டொக் என்று வட்டம் கழன்றது.

கழன்ற அந்தக் கணத்தில் வாள் ஒரு பக்கம் விழ, நானாவின் உள்ளங்கை பளாரென்று ஓட்டையைப் பொத்திக்கொண்டது.

யாரும் சிரிக்கவில்லை. ராத்தா பக்கத்தில் குந்தி, ஒவ்வொரு விரலாக எடுத்துவிட்டார். கடைசி விரல் எழும்பும்போது பக்கத்துத் தந்தியில் பட்டது. ணங்!

பட்டறை முழுக்க அந்த ஒற்றைச் சத்தம் நடந்து திரிந்தது. வேலியில் இருந்த காகம் எழும்பிப் போனது. நானா என்னைப் பார்த்தார். வாழ்க்கையில் முதன்முறையாகத் தன் சொந்தக் குரலைக் கேட்ட ஊமையின் முகம் அது. “தம்பி,” என்றார், “இவன் உள்ளுக்குள்ளயே இரிந்திருக்கான்!”

அடுத்தது இடம். அதையும் அவர்தான் கண்டுபிடித்தார். எங்கள் கரையில் வெள்ளிக்கிழமை வள்ளம் இறங்காது. ஜும்ஆத் தொழுகை முடிந்து, சோறு தின்று, ஊரே படுத்திருக்கிற ஒரு மணித்தியாலம் உண்டு. அப்போது இஞ்சின் இல்லை, லொறி இல்லை, சண்டைகூட இல்லை. பட்டறையில் ஒரு பெரிய வள்ளம் பூச்சுக்காகக் குப்புறக் கவிழ்த்து மரக்குற்றிகளில் வைத்திருந்தது. அதற்குள் ஊர்ந்து போனோம், நானா, நான், மண்டலின், பத்தாம் நம்பர் சாவி. ராத்தா வெளியே சாக்குகளைத் தொங்கவிட்டு இடைவெளிகளை மூடினார். கும்மிருட்டு. ரெசின் வாசம். வியர்வை முழங்கையால் வழிந்தது.

முதல் முறை கழுதை வந்து வள்ளத்தில் முதுகு சொறிந்தது. ராத்தா விளக்குமாற்றோடு துரத்திய சத்தம் அருமையாகப் பதிந்தது.

இரண்டாம் முறை வாசித்தார். ஐயோ, அதை எப்படிச் சொல்வேன்! கவிழ்ந்த வள்ளம் முழுக்க ஒரு வாத்தியமாகிவிட்டது. விலாக்களில் நாதம் ஏறி இறங்கியது. மடியில் ஒரு மண்டலின், தலைக்கு மேல் ஒரு மண்டலின். சிப்பிகள் உரசின, அலை பின்வாங்கியது, திரும்பி வந்தது. நான் கைபேசியைப் பிடித்த கையை அசைக்கவே இல்லை. இரண்டரை நிமிடம். இன்னும் அரை நிமிடம். யா அல்லாஹ், இன்னும் கொஞ்சம்.

அப்போது நானா தலையை நிமிர்த்தினார். இருட்டு வள்ளத்தின் முனையில், ஊசி முனையளவு வெளிச்சம் ஒன்று நட்சத்திரம்போல் நின்றது.

“தம்பி! அணியத்துல ஒரு ஓட்ட!”

கை நிற்கவில்லை. வாய் மட்டும் தொழிலுக்குப் போய்விட்டுத் திரும்பியது. வாசித்து முடித்தார். முடிந்ததும் சோக்கைத் தேடினார்.

மறுபடி பதிய நேரமில்லை. வள்ளக்காரர் எழும்பி வந்துவிட்டார். இனி அடுத்த வெள்ளிதான். சனிக்கிழமையோ நாளை. ஓட்டையோடு அனுப்பினேன்.

ஒலிபரப்புவதாகச் செய்தி வந்தது. அடுத்த ஞாயிறு பின்னேரம் ராத்தா முற்றத்தின் நடுவில் ஒரு கதிரையைக் கொண்டுவந்து வைத்தார். வீட்டில் இருந்ததிலேயே நல்ல கதிரை.

“இரிங்க.”

“நான் நிண்டு கேக்கிறனே.”

“இரிங்க எண்டு செல்றன். சொந்தமா வாத்தியம் இரிக்கிற மனிசன் நிக்கப்படா.”

உட்கார்ந்தார். வேலிக்கு வெளியே பாதி மாம்புரி நின்றது. வானொலியில் அந்தப் பெண்ணின் குரல் வந்தது. மாம்புரியில் ஒருவர் தன் கையாலேயே செய்த மண்டலினில், தானே அமைத்த மெட்டு என்றது. பிறகு அது வந்தது. சனம் மூச்சு விடவில்லை. வசனகவிதை எழுதுகிறவன் வாயால் சொல்கிறேன், அந்த மூன்று நிமிடத்துக்குப் பிறகு நான் எழுதிய ஐந்து பக்கத்தைக் கிழித்துப் போட்டேன். கடைசியில், தீவு முழுக்கக் கேட்கும்படி, “தம்பி! அணியத்துல ஒரு ஓட்ட!” வந்தது. அதை அவர்கள் வெட்டவேயில்லை. முற்றம் சிரித்துச் சிரித்து விழுந்தது. திங்கள் விடியும்போது மூன்று வள்ளக்காரர்கள் வாசலில் நின்றார்கள்: “நானா, எங்கடதா?”

ராத்தா வானொலியின் ஒலியைக் கடைசி வரை திருகி வைத்திருந்தார். “சிலாபத்துக்குக் கேக்கட்டும்” என்றார். நானா கதிரையின் கைப்பிடியைத் தடவிக்கொண்டே சொன்னது இவ்வளவுதான்: “மூணாவது தந்தி கொஞ்சம் இறங்கியிரிக்கு.”

அதன் பிறகு அந்த மண்டலின் மிதக்கவில்லை. கேட்டு வந்தவர்களை உட்காரவைத்து வாசித்துக் காட்டினார். நெளியவில்லை.

எனக்கு வவுனியாவுக்கு இடமாற்றம் வந்தபோது பஸ் நிறுத்தத்துக்கு வந்தார். சட்டைப் பையிலிருந்து பத்திரிகைக் காகிதத்தில் சுற்றிய ஒன்றை எடுத்தார். பிரித்தேன். அன்று வெட்டி எடுத்த பைபர் வட்டம். நடுவில் நீல மையில் இலக்கத்தின் கடைசி எண், ஒரு ஏழு. மூக்கில் வைத்தேன். ரெசின். இன்றைக்கும் அது என் மேசையின் இழுப்பு லாச்சிக்குள் இருக்கிறது.

“நானா, இது உங்களிட்ட இருக்க வேண்டிய சாமான்” என்றேன்.

பஸ் அசைந்தது. யன்னலோடு சேர்ந்து நாலு எட்டு ஓடிவந்து, என் விரல்களை அந்த வட்டத்தின் மேல் மடக்கிவிட்டார்.

“நீயே வெச்சிரு தம்பி. என்ட கையில இரிந்தா ஒரு நாளைக்கு அடைச்சுப் போடுவன்.”