சிவப்புப் புள்ளியை நகர்த்தித் தரவும்

மதிப்புக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. நீங்களும் எங்கள் மகளும் சௌக்கியமாக இருக்க வேண்டும். இங்கே நாங்களும் சௌக்கியம் என்று எழுதுவதுதான் முறை. உங்கள் அத்தை சௌக்கியம்தான், அதிலும் இந்த ஒரு மாதமாகக் கொஞ்சம் அதிகப்படியான சௌக்கியம். என் நிலைமையைக் கீழே எழுதியிருக்கிறேன், படித்துவிட்டு நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். ஒரு போன் போட்டால் போதாதா, இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று கேட்பீர்கள். போன் அத்தையிடம் இருக்கிறது. அது என்னுடைய போன்தான். கேட்டால், "லைன்ல ஆள் இருக்காங்க, அப்புறம் வாங்க" என்கிறாள்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். உங்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. நீங்கள் நல்ல எண்ணத்தில்தான் செய்தீர்கள். போன மாதம் வந்திருந்தபோது, "மாமா, இருபத்தேழு வருஷமா மிக்ஸி, ஃபேன், இஸ்திரிப் பெட்டின்னு ரிப்பேர் பாக்குறீங்க, ஆனா போன்ல தேடினா உங்க கடையே வரலையே. நான் ஏத்தி விடுறேன், அப்புறம் பாருங்க, ஜனங்க வீடு தேடி வருவாங்க" என்று சொன்னீர்கள். நான் அதை ஒரு பேச்சுக்குச் சொன்னதாக நினைத்துக்கொண்டேன். நீங்கள் ஹாலில் உட்கார்ந்து போனைத் தட்டிக்கொண்டிருந்தீர்கள், அத்தை பக்கத்தில் நின்று எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள், வழக்கமாக ஒரு காபியோடு நிறுத்துகிறவள் உங்களுக்கு அன்றைக்கு மூன்று காபி கொடுத்தாள். நான்தான் எதையும் கவனிக்காமல் பேப்பர் படித்துக்கொண்டிருந்துவிட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் குளித்துவிட்டு இடுப்பில் துண்டோடு வெளியே வருகிறேன், ஹாலில் முன்பின் தெரியாத ஒரு அம்மாள் மடியில் மிக்ஸியை வைத்துக்கொண்டு சோபாவில் உட்கார்ந்திருக்கிறார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவர் என்னவோ கொஞ்சமும் கூச்சப்படாமல், "ரிப்பேர் கடை இதுதானே? மேப்புல இங்கதான் சிவப்புப் புள்ளி காட்டுது" என்று போனைத் தூக்கிக் காட்டுகிறார். புள்ளி நிஜமாகவே எங்கள் வீட்டின் மேல்தான் இருந்தது, அதுவும் கிட்டத்தட்ட நான் நின்றுகொண்டிருந்த இடத்தில். மாப்பிள்ளை, கடை இருப்பது கடைத்தெருவில், வீடு இருப்பது நாலு தெரு தள்ளி. படித்த பிள்ளை, பெரிய உத்தியோகத்தில் இருக்கிறவர், இந்த இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் போகுமா என்று எனக்கு இன்றுவரை ஆச்சரியம். குறையாகச் சொல்லவில்லை. நான் துண்டை மாற்றிக்கொண்டு வருவதற்குள் அத்தை அந்த மிக்ஸியைத் தலைகீழாகத் திருப்பி, "அடியில ஒரு சின்ன பட்டன் இருக்கு பாருங்க, ஜாரை ரொம்ப நெறைச்சு ஓட்டினா அது வெளிய வந்துடும், அமுக்கிவிட்டா சரியாயிடும்" என்று அமுக்கிக் காட்ட, அது ஓடியேவிட்டது. அந்த அம்மாள் போகிற வழியில் யார் யாரிடம் என்னென்ன சொன்னாரோ, மறுநாளிலிருந்து கூட்டம் வர ஆரம்பித்தது.

அன்றிலிருந்து நான் காலையில் போய்க் கடையைத் திறந்து, ஸ்குரூடிரைவர்களைத் துடைத்து வரிசையாக அடுக்கி வைத்துவிட்டு ஈ ஓட்டுகிறேன். வருகிறவர்கள் எல்லாரும் புள்ளியைப் பார்த்து வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். மத்தியானம் சாப்பிட வந்தால் உட்கார இடம் கிடையாது. என் நாற்காலியில் யாரோ ஒருவருடைய டேபிள் ஃபேன் உட்கார்ந்திருக்கிறது. "சோறு போடேன்" என்றால், "இவங்க உங்களுக்கு முன்னாடி வந்தவங்க, கொஞ்சம் இருங்க" என்று பதில் வருகிறது. என் வீட்டில், என் சாப்பாட்டுக்கு, ஒரு கெட்டிலுக்குப் பின்னால் வரிசையில் நின்றவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

இதை நாமே சரிசெய்துவிடலாம், மாப்பிள்ளையை எதற்குத் தொந்தரவு செய்ய வேண்டும் என்று எதிர்க்கடை போட்டோக்காரரிடம் சொன்னேன். அவர் தனக்கு எல்லாம் தெரிந்தது மாதிரி தன் போனில் அந்தப் புள்ளியைத் தட்ட, ஒரு கேள்வி வந்தது, அதற்கும் ஆமாம் என்று தட்ட, என் கடை "நிரந்தரமாக மூடப்பட்டது" என்று போட்டுவிட்டது. திரும்பத் திறக்கிற வழி அவருக்குத் தெரியவில்லை. மறுநாள் சாயங்காலம் நான் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது உள்ளே பழைய வாடிக்கைக்காரர்கள் மூன்று பேர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். ரிட்டயரான வாத்தியார் ஒருவர் தழுதழுத்த குரலில் அத்தையிடம், "நல்லாத்தானே இருந்தாரு, எப்படிம்மா திடீர்னு?" என்று கேட்கிறார். அத்தை, "கடையத்தாங்க மூடினதா போட்டிருக்கு. ஆளு நல்லாத்தான் இருக்காரு, வேளாவேளைக்குச் சாப்பிடுறாரு, அதோ நிக்கிறாரு பாருங்க" என்றாள். வாத்தியார் என்னைப் பார்த்ததும் சந்தோஷப்பட்டார் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் உடனே படவில்லை. அப்புறம், "சரி, வந்தது வந்தாச்சு" என்று பைக்குள் கையை விட்டு ஓர் இஸ்திரிப் பெட்டியை எடுத்தார். துக்கம் விசாரிக்க வருகிறவர் எதற்கு இஸ்திரிப் பெட்டியோடு வந்தார் என்று நான் கேட்கவில்லை. அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே அத்தை எங்கெங்கோ தட்டிக் கடையை மறுபடி திறந்துவிட்டாள். ஆனால் புள்ளி மட்டும் தன் இடத்தை விட்டு அசையவில்லை. "அது எனக்குத் தெரியாதுங்க" என்றாள்.

இதெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். ரிவ்யூ என்று ஒன்று போடுகிறார்களாமே, அதைப் போட்டோக்காரர் கடைத்தெருவில் நாலு பேர் முன்னால் சத்தமாகப் படித்தார். "அருமையான இடம். வீட்டில் இருப்பது போலவே இருக்கிறது. அந்த அம்மா பொறுமையாக விளக்குகிறார். மூலையில் ஒரு பெரியவர் பனியனோடு பேப்பர் படித்துக்கொண்டிருந்தார், கடைசிவரை நிமிர்ந்தே பார்க்கவில்லை. ஒரு ஸ்டார் குறைத்தது அவருக்காக." கூடவே போட்டோவும் இருக்கிறது மாப்பிள்ளை. பனியனில் தோள்பட்டையில் இருக்கிற ஓட்டை தெளிவாகத் தெரிகிறது. என் சொந்த வீட்டில், லீவு நாளில், நான் எப்படி உட்கார வேண்டும் என்று இனி ஊரே மார்க் போடுமா?

இதைவிடப் பெரியது ஒன்று இருக்கிறது, அதை உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது. எனக்கு வேலையே வராமல் போகவில்லை. பட்டனை அமுக்குவது, ஒயரை மாற்றுவது மாதிரியான சில்லறை வேலைகளை அத்தையே முடித்து அனுப்பிவிடுகிறாள். மீதியை ஒரு துண்டுச் சீட்டோடு கடைக்கு அனுப்புகிறாள். பொருள், குறை, செய்ய வேண்டியது என்று மூன்று வரி. போன வாரம் ஒரு மிக்ஸி, "குறை: ஓடும்போது பொறி பறக்கிறது, மோட்டாரில் உரசுகிற கார்பன் கட்டை தேய்ந்திருக்கிறது" என்று வந்தது. எனக்கே சொல்லித் தருகிறாளா என்று வீம்புக்கு ஸ்விட்சைக் கழற்றி, புது ஸ்விட்சைப் போட்டு, பாதி நாள் மல்லுக்கட்டினேன். கார்பன்தான். அத்தையிடம் நான் இதைச் சொல்லவில்லை, நீங்களும் சொல்ல வேண்டாம். கல்யாணமான புதிதில் ஒரு நாள் அவள், "நானும் கடைக்கு வந்து உக்காரட்டுமா?" என்று கேட்டாள். "உனக்கு எதுக்கு அந்தத் தலைவலி" என்று சொல்லிவிட்டேன். அவள் திரும்பக் கேட்கவில்லை, நானும் மறந்துவிட்டேன். இப்போது காலிக் கடையில் உட்கார்ந்திருக்கும்போது அதுதான் ஞாபகம் வருகிறது. இன்னும் கொஞ்ச நாளில் இந்தக் கடைக்கு நான் தேவையே இல்லை என்று ஆகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது மாப்பிள்ளை.

ஆகவே, இந்தக் கடிதம் கண்டதும் தாமதிக்காமல், வருகிற ஞாயிற்றுக்கிழமையே வந்து அந்தச் சிவப்புப் புள்ளியைக் கடைத்தெருவுக்கு நகர்த்தித் தரும்படி உங்களை மிகவும் கேட்டுக்கொள்கிறேன். வரும்போது மகளையும் அழைத்து வாருங்கள். நேராக வீட்டுக்கு வந்தால் வரிசையில் நிற்க வேண்டியிருக்கும், கடைக்கு வாருங்கள், அங்கே தாராளமாக இடம் இருக்கிறது. நீங்கள் இருவரும் எல்லா நலமும் பெற்று நீடூழி வாழ மனமார ஆசீர்வதிக்கும்,

உங்கள் மாமனார்

பின்குறிப்பு: தபால் தலை ஒட்டித் தரச் சொல்லி இதை அத்தையிடம் கொடுத்தேன். அவள் உட்கார்ந்து முழுவதையும் படித்தாள். உள்ளே போய் ஒரு துண்டுச் சீட்டோடு வந்து என் கையில் கொடுத்தாள். அதை அப்படியே எழுதுகிறேன். "பொருள்: என் வீட்டுக்காரர். குறை: பழுது எதுவும் இல்லை, தனியாகவே ஓடிச் சூடேறியிருக்கிறது. செய்ய வேண்டியது: கடை மேஜையையும் ஆளையும் வீட்டு முன்னறைக்குக் கொண்டுவரவும்." இருபத்தேழு வருஷத் தொழிலில் இவ்வளவு சரியாகக் குறை கண்டுபிடித்து நான் பார்த்ததில்லை. கண்ணில் தூசி விழுந்துவிட்டது என்று சொல்லிச் சமாளித்தேன். போட்டோக்காரரும் நானும் இப்போதுதான் மேஜையைத் தூக்கி வந்து போட்டோம். மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிடுங்கள். புள்ளி இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும். முடிந்தால் அந்தப் பனியன் போட்டோவை மட்டும் எடுத்துவிடுங்கள்.

(உறையை ஒட்டுவதற்கு முன் வேறு கையெழுத்தில்) மாப்பிள்ளை, போட்டோவும் இருக்கட்டும். புள்ளியை வீட்டு மேல வைக்கச் சொன்னது யாருன்னு மாமா கேட்டா மட்டும் மூச்சு விடாதீங்க. ஞாயித்துக்கிழமை வாங்க, மூணு காபி தர்றேன்.