மாப்பிள்ளையின் வால்வில் என் ஈய முத்திரை

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

உங்கள் மருமகளின் தகப்பன் பணிவுடன் எழுதிக்கொண்டது. இங்கே எல்லோரும் சுகம். அதாவது, உடம்புக்குச் சுகம். உங்கள் முழங்கால் வலியும் சம்பந்தி அம்மாளின் கண் ஆபரேஷனும் எந்த நிலையில் இருக்கின்றன என்று முதலில் விசாரிப்பதுதான் மரியாதை. விசாரித்துவிட்டேன். இனி விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் மகன் என்னோடு பேசி இன்றோடு ஒன்பது நாள் ஆகிறது. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் பேத்தியிடம் சொல்லி அனுப்புகிறார். அவளுக்கு ஐந்து வயது. "தாத்தா, மோட்டார ஆஃப் பண்ணணுமாம், அப்பா உங்க மேல கோவமாம்" என்று இரண்டையும் சேர்த்தே சொல்லிவிடுகிறாள்.

தொலைபேசியில் அவர் உங்களிடம் என்ன சொன்னாரோ தெரியாது. "மாமா என் பொழப்புல மண்ணைப் போட்டுட்டார்" என்றுதான் சொல்லியிருப்பார். என் பக்கத்தையும் கொஞ்சம் கேளுங்கள்.

மாப்பிள்ளையின் ஆராய்ச்சி உங்களுக்குத் தெரியும். வெயிலில் எடுத்த மின்சாரத்தைத் தண்ணீருக்குள் விட்டு, ஹைட்ரஜனைப் பிரித்து, அதை எரிபொருளாக்குவது. புகை கிடையாது, கரி கிடையாது, எரித்தால் மறுபடியும் தண்ணீர்தான் மிஞ்சும். தண்ணீரில் புறப்பட்டுத் தண்ணீருக்கே வந்து சேர்வதற்கு அரசாங்கம் எதற்கு உதவி தர வேண்டும் என்று ஆரம்பத்தில் நானும் கேட்டவன்தான். கேட்ட அன்று மகள் எனக்குக் காபி தரவில்லை. பிறகு புரிந்துகொண்டேன்: லாபம் கண்ணில் படுகிற வரை கம்பெனிக்காரன் கிட்டேயே வரமாட்டான், அதுவரை தாங்கிப் பிடிக்க அரசாங்கத்தை விட்டால் ஆளில்லை. மூன்று வருடத்துக்குக் கொடுத்திருந்தார்கள். ஆய்வுக் குழு வந்து பார்த்துச் சரி என்றால் இன்னும் ஐந்து வருடம். இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

அந்தக் குழு வருகிற நாளில் பார்த்து, மாப்பிள்ளை அவர்களிடம் காட்ட வேண்டிய கோப்பு ஒன்றைச் சாப்பாட்டு மேசையிலேயே மறந்துவிட்டுப் போய்விட்டார். "அப்பா, குடுத்துட்டு உடனே வந்துடுங்க. அங்க எதையும் தொடாதீங்க" என்றாள் மகள். தொட வேண்டும் என்று நான் போகவில்லை, சம்பந்தி. பஸ்ஸில் நாற்பது நிமிடம் அந்தக் கோப்பை மடியில் வைத்துக்கொண்டு, பெரிய மனுஷனாகத்தான் போனேன். போனால், மாப்பிள்ளை குழுவை வரவேற்க வாசலுக்குப் போயிருக்கிறார். ஆய்வுக்கூடத்தில் நானும் ஹைட்ரஜனைப் பிரிக்கிற அந்த எந்திரமும் மட்டும். முப்பத்தொரு வருடம் பாய்லர் ஆய்வாளராக இருந்தவனை ஒரு பிரஷர் மீட்டரோடு தனியாக விடலாமா, நீங்களே சொல்லுங்கள். ஒரு தட்டுத் தட்டினேன். முள் ஆடியது. கை கழுவும் இடத்தில் சோப்பு இருந்தது. கரைத்து வால்வு இணைப்பில் தடவினேன். குமிழி வந்தது. கடுகளவுதான், ஆனால் சத்தியமாக வந்தது. ஹைட்ரஜன் கசிந்தால் கட்டிடமே மிஞ்சாது என்று எனக்குப் பாடம் எடுத்ததே மாப்பிள்ளைதான். கசிவைக் கண்ட ஆய்வாளன் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: வால்வை மூடி, கம்பியால் கட்டி, ஈய முத்திரை அடிப்பது. அடித்துவிட்டேன். முத்திரைக் குறடு எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். ஓய்வு பெற்ற அன்றே திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும்; பிரிவுபசாரப் பேச்சுகளில் மறந்துபோயிற்று. ஈயமும் கம்பியுமாக என் தோள்பையிலேயே கிடக்கிறது; நான்கு வருடமாக மறந்துகொண்டே இருக்கிறேன்.

குழுவில் மூன்று பேர். தலைவர் ஓர் அம்மையார். மூக்குக்கண்ணாடிக்கு மேலாகவே உலகத்தைப் பார்ப்பவர். கூடவே ஒரு விதிமுறை அதிகாரி, ஒரு பேராசிரியர். மாப்பிள்ளை மூன்று வருட உழைப்பையும் ஐந்து நிமிடத்தில் அழகாகச் சொல்லி முடித்து, "இப்ப பாருங்க" என்று பொத்தானை அமுக்கினார். எந்திரம் கம்மென்று இருந்தது. மறுபடி அமுக்கினார். அம்மையார் மட்டும் வால்வையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது என்ன, அரசு முத்திரை?"

"நான்தாங்க வெச்சேன். கசிவு இருந்துச்சு" என்றேன்.

"நீங்க யாரு?"

"பாய்லர் ஆய்வாளர். ரிட்டயர்டு."

மாப்பிள்ளை என்னைப் பார்த்த பார்வையை எழுதிக் காட்ட முடியாது. பேராசிரியர், "அட, ஒரு கட்டிங் பிளேயரை எடுத்து வெட்டி விடுங்கப்பா" என்றார். விதிமுறை அதிகாரி பதறிப்போனார்.

"முத்திரைய ஒடைச்சா குற்றம், சார். வெச்ச அதிகாரியே வந்துதான் எடுக்கணும்."

"அவர்தான் இங்கயே நிக்கிறாரே!"

"அவர் அதிகாரி இல்லையே. ரிட்டயர் ஆனவருக்கு எடுக்க அதிகாரம் கிடையாது."

"அப்போ வைக்க மட்டும் இருந்துச்சா?"

"இல்ல. அதனால அவர் வெச்சது செல்லாது. ஆனா முத்திரை செல்லும். அது அரசாங்கத்தோடது."

சொல்லும்போது அவர் முகத்தில் அப்படியொரு பூரிப்பு. விதியே எழுதப்படாத ஒரு விஷயத்தை இத்தனை வருடப் பணியில் அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தாராம். இரண்டு மணி நேரம் அதையே பேசினார்கள். எந்திரம் ஓடவே இல்லை. அம்மையார் எதையோ எழுதிக்கொண்டு, "முடிவு கடிதத்துல வரும்" என்று சொல்லிவிட்டு வண்டி ஏறிவிட்டார். முத்திரை இன்னும் அங்கேயேதான் தொங்குகிறது.

வீட்டுக்கு வந்ததும் மாப்பிள்ளை மகளிடம், "எல்லாம் முடிஞ்சது. அந்த வெளிநாட்டுக் கம்பெனி ரெண்டு வருஷமா கூப்பிட்டுட்டே இருக்கு. போயிடலாம்" என்றார். என் மனைவி போன பிறகு, பேத்தி மாடியிலிருந்து தடதடவென்று இறங்கி வந்து ஷூவை என் மடியில் வைத்தால்தான் எனக்குப் பொழுது விடிகிறது. லேஸ் கட்ட அவளுக்கே தெரியும். தெரியாத மாதிரி நடிக்கிறாள். நானும் காட்டிக்கொடுப்பதில்லை. அவள் கடல் தாண்டிப் போய்விட்டால் இந்த வீட்டில் நான் எதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்? நீங்கள் சொன்னால் மகன் தட்டமாட்டார். "மாமா வேணும்னு செய்யல, கடமையத்தான் செஞ்சார்" என்று ஒரு வரி, "வெளிநாடெல்லாம் வேண்டாம்" என்று இன்னொரு வரி எழுதிப் போடுங்கள். என் மனதில் கள்ளம் கபடம் எதுவும் இல்லை. கசிவைக் கண்டேன், மூடினேன், அவ்வளவுதான்.

சம்பந்தி அம்மாளுக்கு என் வணக்கம். மூத்த மகன் குடும்பத்துக்கும் குழந்தைகளுக்கும் என் ஆசிகள். உங்கள் வீட்டுச் சமையல் கேஸ் டியூபை மாற்றி வெகுநாள் ஆகியிருக்கும், மறக்காமல் மாற்றிவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் ஆதரவையே நம்பியிருக்கும்
சம்பந்தி

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது மாப்பிள்ளை ஒரு கடிதத்தோடு ஓடி வந்து என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். "மாமா, கெடச்சிடுச்சு! எல்லாம் உங்களாலதான்!" குழு பார்த்த கூடங்களிலேயே, பாதுகாப்புக்காகச் சொந்த எந்திரத்தையே நிறுத்திவைத்த கூடம் இது ஒன்றுதானாம், அம்மையார் அப்படி எழுதிவிட்டார். ஆகவே நீங்கள் எதுவும் எழுத வேண்டாம். வெளிநாடு இல்லை. ஐந்து வருட உதவி உண்டு. கூடம் மட்டும் அடுத்த மாதம் கடலோரத்துப் புது மையத்துக்கு மாறுகிறது. ரயிலில் பதினான்கு மணி நேரம். உதவி நீண்டால் இடமும் மாறும் என்று அந்தக் கோப்பிலேயே இருந்தது. நாற்பது நிமிடம் பஸ்ஸில் சும்மா உட்கார முடியாமல் பிரித்துப் படித்துவிட்டேன். சம்பந்தி, அன்று வால்வில் குமிழி எதுவும் வரவில்லை. இதை உங்கள் மகனிடம் சொல்லிவிடாதீர்கள். சொன்னாலும் போகத்தான் போகிறார்கள். சொல்லாவிட்டால் விடுமுறைக்காவது வருவார்கள்.