அலாஸ்காவ வித்த கதையும் என் அரிசிக் கூப்பனும்

எனக்கு சந்தேகம் கொஞ்சம் சாஸ்தி. சாமியே நேர்ல வந்தாலும் யாரு அனுப்பி வச்சான்னுதான் கேப்பேன். அந்தச் சந்தேகத்துல ஒருதடவ புருசனையே மாத்திப்புட்டேன். (அவசரப்படாதீங்க, சொல்றேன்.)

இலங்கையில மஸ்கெலியா பக்கம் தேயிலத் தோட்டம். கவருமெண்டு எங்க ஓட்டுரிமையப் பறிச்சு பத்து வருசம் ஆகியிருக்கும். ஒரு ஞாயித்துக்கிழம, நாங்க குடியிருக்குற லயத்து வாசல்ல வாத்தியாரு பேப்பர் படிச்சாரு. அலாஸ்கான்னு ஒரு ஊராம், ஒரே பனியாம். ரஷ்யாக்காரன் அத அமெரிக்காக்காரனுக்கு வித்தானாம். வாங்குனவனப் பாத்து ஊரே சிரிச்சிச்சாம். அப்புறம் பாத்தா தங்கம் கெடச்சிச்சாம். இப்பத்தான் முழு மாநிலமா சேத்துக்கிட்டாங்களாம்.

"விக்கிறப்ப உள்ள சனம் இருந்திச்சாங்க?"ன்னேன்.

"இருந்தாங்க தாயி."

"அவங்களக் கேட்டாங்களா?"

"எங்க கேட்டாங்க."

எனக்கு வெளங்கிருச்சு. அடுத்து நம்மளத்தான் விப்பாங்க, தேயிலச் செடியோட சேத்து.

மறுநாளே டவுன்ல இருந்து ஒரு புது கிளாக்கர் நோட்டோட வந்து பேரு எழுதுறாரு. கேட்டா, அரிசிக் கூப்பனுக்காம். (விக்க வந்தவன் வேற என்ன சொல்லுவான்?) பக்கத்துக் காம்பராவுல குடியிருக்குற பாக்கியத்துக்கிட்ட, "நெசப் பேரு ஒண்ணையும் குடுத்துறாதடி"ன்னு காதக் கடிச்சேன்.

"புருசன் பேரு?"ன்னாரு கிளாக்கர்.

"நான் சொல்லக்கூடாதுங்க."

எங்க வழக்கம் அப்பிடி, பக்கத்துல நிக்கிறவங்கதான் சொல்லணும். நெசப் பேரு சொல்லக்கூடாதேன்னு பாக்கியம் வாயில வந்தத சொல்லிப்புட்டா. "சிவஞானம்."

அது எங்க மலைக்கு மேலதிகாரி, கண்டாக்கு ஐயா பேரு.

அரிசி போடுற நாள் வந்துச்சு. வீட்டுல ரெண்டு புள்ளைங்க, பானையில ஒரு குத்து அரிசி இல்ல. கணக்கப்புள்ள பேரு கூப்புடுறாரு. "சிவஞானம் சம்சாரம், லெச்சுமி."

வரிசையே என்னயப் பாத்துச்சு. பின்னால சாக்கோட இவரு, என் நெசப் புருசன். முன்னால தொப்பியோட கண்டாக்கு ஐயா.

"எனக்கு ஒண்ணையே சமாளிக்க முடியல தாயி"ன்னாரு ஐயா.

இவரு மெதுவா, "பொண்டாட்டிய வச்சுக்கங்க ஐயா, அரிசிய மட்டும் குடுத்துருங்க"ன்னாரு.

குடுக்கல. பேரத் திருத்தி வர ரெண்டு வாரம். அதுவரைக்கும் வெறும் ரொட்டிதான். நெசமாவே கூப்பனுக்குத்தான் எழுதியிருக்காங்க, பாவிங்க.

இன்னைக்கும் சோறு போட லேட்டானா இவரு தட்டத் தட்டி, "கண்டாக்கு ஐயா சாப்புட்ட பொறகுதான் நமக்கா?"ம்பாரு. பேரப்புள்ளைங்க விழுந்து விழுந்து சிரிக்கும்.

"ஆமா, அவரு இன்னும் கை கழுவல. சத்தம் போடாம உக்காருங்க"ம்பேன்.