சேர்மன் பாய்

மன்னிப்புக் கேட்க சத்தியநாதன் வாயைத் திறப்பதற்குள் அவர் கழுத்தில் மாலை விழுந்துவிட்டது.

"இன்னா பாத்துக்கினு இருக்கீங்க? கை தட்டுங்க! பத்து வருஷம் முன்னாடி நான் சேர்மனா ஜெயிச்சதை டிவியில சொன்ன சார் இவர்தான்!" என்றார் கம்பெனி முதலாளி அதாவுல்லா.

ஷெட்டில் ஷூவுக்கு மேல்பாகம் தைத்துக்கொண்டிருந்த பதினைந்து பேரும் மெஷினை நிறுத்திவிட்டுக் கை தட்டினார்கள்.

பத்திரிகையிலும் டிவியிலுமாக முப்பது வருடம் அரசியல் செய்தி சேகரித்தவர் சத்தியநாதன். பல மந்திரிகளை வியர்க்க வைத்தவர். அடுத்த மாதம் ஓய்வு. வாங்கிய பேரெல்லாம் மறந்துபோய், 1996 நகராட்சித் தேர்தலில் ஓட்டு எண்ணும் இடத்திலிருந்து போனில் அவசரப்பட்டுச் சொன்ன ஒரு தப்பான முடிவு மட்டும் மனசில் முள்ளாக நின்றது. அதற்காகத்தான் சென்னையிலிருந்து ஆம்பூர் வந்தார். ஸ்டேஷனில் முகவரி சொன்னதும் ஆட்டோக்காரர், "சேர்மன் பாய் கம்பெனியா?" என்று கேட்டது இன்னும் குத்தியது.

"பாய், அன்னிக்கு நான் சொன்னது தப்பு. மன்னிச்சிடுங்க."

"பாத்தீங்களா? சாரை யாரோ மிரட்டியிருக்காங்க!" என்று அதாவுல்லா ஆட்களைப் பார்த்துச் சிரித்தார்.

"யாரும் மிரட்டல பாய். உங்க ஓட்டையும் எதிர்ல நின்னவரு ஓட்டையும் மாத்திப் படிச்சிட்டேன்."

"ஓட்டை மாத்திட்டாங்கன்னு சாரே சொல்றாரு!" அதாவுல்லா அவர் கையைப் பிடித்து வாசல் பக்கம் இழுத்தார். "வாங்க சார், வெளிய போய்ப் பேசுவோம். கலெக்டர் ஆபீஸுக்கே போய்ச் சொல்லுவோம்!"

கலெக்டர் என்றதும் சத்தியநாதன் பதறிப்போனார். கையை உதறிக்கொண்டு, மந்திரிகளிடம் பேசும் குரலில் பளிச்சென்று சொன்னார்: "நீங்க ஜெயிக்கவே இல்ல பாய். முந்நூத்திப் பன்னெண்டு ஓட்டுல தோத்துட்டீங்க!"

அதாவுல்லா ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். எல்லோரும் குனிந்துகொண்டார்கள்.

"சாருக்கு டீ குடுத்து அனுப்புங்க" என்று மெல்லச் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

டீயைக் கொண்டுவந்தது அவர் மனைவி நசீமுன்னிசா. சத்தியநாதனால் நிமிர முடியவில்லை.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. என்னிக்காவது உண்மை உங்களுக்கெல்லாம் தெரிஞ்சுதானே ஆவணும்?"

"அவர் தோத்தது அவருக்கும் தெரியும் சார், எங்களுக்கும் தெரியும். எங்களுக்குத் தெரியும்னு அவருக்குத் தெரியாமதான் பத்து வருஷமா பாத்துக்கிட்டிருந்தோம்."