மேடையில் முப்பத்தொன்பது நாற்காலி

எங்கள் கல்லூரிப் பட்டமளிப்பு விழாவில் 'சிறப்புத் தகுதி' பெறும் மாணவர்கள் மேடையில் அமர்ந்திருக்க வேண்டும் என்பது விதி. அவர்களுக்கான நாற்காலிகள் நாற்பது. ஆகவே அறிவாளிகளும் ஆண்டுதோறும் நாற்பது பேர். தகுதிக் குழுத் தலைவர் என்ற முறையில் இந்த ஒழுங்கைக் கட்டிக்காத்து வந்தவன் நான்தான். நானும் இங்கேயே படித்தவன்; என் அறைக்கதவுப் பலகையிலும் பெயருக்குப் பின்னால் 'சிறப்புத் தகுதி' என்று இருக்கும். தினமும் கைக்குட்டையால் துடைப்பேன்.

இந்த ஆண்டு விழாவுக்கு முதல் நாள் ஒரு நாற்காலியின் கால் ஒடிந்தது. குழு கூடி, தீர ஆராய்ந்து, நாற்பதாவது மாணவியின் தகுதி நூலளவு குறைந்துவிட்டதாக ஏகமனதாகத் தீர்மானித்தது.

அந்தப் பெண் என் அறைக்கு வந்தாள்.

"சார், என் மார்க் குறையலையே?"

"மார்க் அப்படியேதாம்மா இருக்கு. நாற்காலிதான் குறைஞ்சிருக்கு."

"புதுசு ஒண்ணு வாங்கலாமே சார்?"

"கொள்முதல் குழு கூடவே ஆறு மாசம் ஆகும். விழா நாளைக்கு."

"அப்ப நான் நின்னுக்கிறேன். இந்தச் சிறப்பு இருந்தாத்தான் சார் மேல படிக்க உதவித்தொகை கிடைக்கும்."

"நின்னுக்கிட்டே வாங்குற சிறப்புக்கு விதியில இடமில்லம்மா."

ஒடிந்த நாற்காலிக்குக் கையெழுத்து வாங்க வந்திருந்த ஸ்டோர் கீப்பர் தொண்டையைச் செருமினார். அடுத்த மாதம் ஓய்வு பெறப்போகிறவர், பயம் விட்டுப்போயிருந்தது.

"உங்க வருஷமும் இப்படித்தான் சார் ஒண்ணு ஒடைஞ்சுது. நான்தான் லேப்ல இருந்து ஒரு ஸ்டூலைத் தூக்கிட்டு வந்து கடைசியில போட்டேன். அதுல நீங்கதான் உக்காந்தீங்க."

அந்த ஸ்டூல் எனக்கு நன்றாக நினைவிருந்தது. மற்றவர்களைவிட ஓரடி உயரத்தில் என்னை உட்கார வைத்தார்கள் என்று முப்பது வருடமாக மனைவியிடம் பீற்றிக்கொண்டிருக்கிறேன். வெட்கமாகப் போய்விட்டது.

மறுநாள் மேடையில் தலைவருக்குரிய என் நாற்காலியை அவளுக்குக் கொடுத்துவிட்டு ஓரமாக நின்றேன். கைதட்டினார்கள், அவளுக்கு.

அடுத்த வாரம் குழு கூடியது. மேடையில் நாற்காலி இல்லாதவருக்குச் சிறப்பும் இல்லை என்ற விதிப்படி, என் பலகையின் கடைசி இரண்டு சொற்களை அழிக்கத் தீர்மானம் வந்தது. தலைவர் என்ற முறையில் நானே கையெழுத்திட்டேன்.

விஷயம் வெளியே கசிந்துவிட்டது. இப்போது சேர்க்கைக்கு வரும் பெற்றோர் மதிப்பெண் பட்டியலோடு ஆளுக்கொரு நாற்காலியும் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். கல்லூரியும் கூசாமல் வாங்கி வைத்துக்கொள்கிறது. படிப்பு எங்கே போய்க்கொண்டிருக்கிறது என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் பொருமுகிறேன்.

என் மகள் அடுத்த வருடம் இங்கேதான் சேர்கிறாள். தச்சரிடம் கைப்பிடி வைத்து ஒன்று சொல்லியிருக்கிறேன். மற்றதைவிடக் கொஞ்சம் உயரமாக.