ஒருமனதாக அழகுபடுத்தப்பட்ட வேன்

தேயிலை விலை பாதாளத்துக்குப் போன வருஷத்தில், பிக்கட்டிக்கு மேலே இருக்கும் கருங்கல்மட்டம் எஸ்டேட்டின் நிர்வாகம் ஆழ்ந்து ஆலோசித்து ஒரு முடிவுக்கு வந்தது. தொழிலாளர்கள் டி.வி. பார்க்க வேண்டும்.

காரணம் இல்லாமல் இல்லை. ஃபேக்டரி வாரத்தில் மூன்று நாள்தான் ஓடியது. மிச்ச நாளில் ஆட்கள் சும்மா உட்கார்ந்து யோசிக்க ஆரம்பித்தால் நிர்வாகத்துக்கு நல்லதல்ல. மேனேஜர் தனசிங் துரைக்கோ அந்தச் சமயம் ஒரு நிகழ்ச்சியின் மேல் பைத்தியம் பிடித்திருந்தது. எங்கோ வெளிநாட்டில் தாடிக்கார வெள்ளைக்காரன் ஒருவன், கோழி அடையும் கொட்டகையிலிருந்து துருப்பிடித்த பழைய கார் ஒன்றை இழுத்து வந்து ஒரு மணி நேரத்தில் புதுசாக்கிவிடுவான். தமிழில் வேறு பேசுவான். துரை கண் கலங்கிப்போவார். "இதுதான்யா உழைப்பு!" என்பார். தேயிலைக் காட்டுக்குள் அவர் கால் வைத்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

தான் மட்டும் கலங்கினால் போதாது என்று சுற்றறிக்கை விட்டார். ஞாயிறு தோறும் லேபர் கிளப்பில் அனைவரும் மேற்படி நிகழ்ச்சியைக் கண்டுகளிக்க வேண்டும். திங்கள் காலை பெரட்டில், ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும்போதே, பார்வையாளர் கருத்துப் படிவத்தை மூன்று பிரதிகளில் நிரப்பித் தர வேண்டும். கருத்து இல்லாதவர்கள் அதற்கான காரணத்தைத் தனித்தாளில் எழுதலாம்.

முதல் திங்கட்கிழமை கிளார்க் பாலகுமார் பேனாவோடு உட்கார்ந்தான். கொழுந்து பறிக்கும் காளியம்மாள்தான் முதல் ஆள்.

"சொல்லுங்கக்கா, உங்க கருத்து?"

"அந்தப் பய ஏன் சாமி தாடிய வழிக்கல? ஊட்டுல எழவா?"

"கருத்து வண்டியப் பத்தி இருக்கணும்க்கா."

"வண்டி எனக்கெதுக்கு? நான் நடந்துதான போறேன்."

பாலகுமார் 'மிகவும் பயனுள்ளதாக இருந்தது' என்று எழுதிக் கைநாட்டு வாங்கிக்கொண்டான். நூற்றுப்பதின்மூன்று பேருக்கும் அதையே எழுதி, எழுதப் படிக்கத் தெரிந்தவர்களிடமும் கைநாட்டே வாங்கினான். அன்று மத்தியானமே படிவங்கள் துரையின் ஜீப்பில் ஏறித் தலைமை அலுவலகத்துக்குப் புறப்பட்டன.

இதைக் கவனித்தவர் ஒரே ஆள், தங்கையா. எஸ்டேட்டின் ஆம்புலன்ஸ் வேனுக்கு டிரைவர். ஆனால் ஓட்டி ஆறு மாசம் ஆயிற்று. கிளட்ச் பிளேட் போய், வேன் ஆஸ்பத்திரிக் கொட்டகையில் நின்றுவிட்டது. அங்கேயே கொழுந்து பறிக்கும் அவர் மனைவி சுப்பம்மாவுக்கு இழுப்பு. பனி இறங்கிவிட்டால் மூச்சு விட முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். ஊட்டி பெரியாஸ்பத்திரிக்குப் போக வேனை விட்டால் வேறு வழியில்லை. ஒரு கிளட்ச் பிளேட் கேட்டு அவர் ஒன்பது மனு கொடுத்துவிட்டார். ஒன்பதும் பரிசீலனையில் இருந்தன. பரிசீலனை என்பது துரை மேஜையின் கீழ் டிராயர்.

மனு டிராயருக்குப் போகிறது, கருத்து ஜீப்பில் போகிறது. தங்கையாவுக்குப் பொறி தட்டியது. படிவத்தின் கடைசியில் 'வேறு கருத்து இருப்பின்' என்று ஒரு கட்டம் இருந்தது. அந்த வாரம் தொழிலாளர் குடியிருக்கும் லயம் லயமாக ஏறி இறங்கினார். எல்லாரும் ஒரே மாதிரி சொல்ல வேண்டும் என்று கெஞ்சினார். திங்கட்கிழமை நூற்றுப்பதின்மூன்று பேரும் சொன்னார்கள்: நம்ம எஸ்டேட் வேனையும் டி.வி.யில் காட்டுகிற மாதிரியே செய்து தர வேண்டும்.

நாலே நாளில் உத்தரவு வந்துவிட்டது! துரை அவரைக் கூப்பிட்டுக் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"தங்கையா, உங்களுக்குள்ள இவ்வளவு ரசனை இருக்கும்னு நான் நெனைக்கவே இல்ல."

"கிளட்ச் பிளேட் போட்டாப் போதுங்க தொரை."

"அவசரப்படக் கூடாது. இது புத்துயிர்ப்பு."

பாரம்பரிய வாகனப் புத்துயிர்ப்புக் குழு அமைக்கப்பட்டது. துரை தலைவர். தோட்ட வேலையை மேற்பார்க்கும் ஃபீல்டு கண்டக்டர் துணைத்தலைவர். பொறுப்பேற்ற அன்றே கண்டக்டர் தாடி வளர்க்கத் தொடங்கினார். குழு மூன்று மாசம் வண்ணத்தைப் பற்றி விவாதித்தது. வெள்ளை என்றால் ஆஸ்பத்திரி ஞாபகம் வருகிறதாம். கடைசியில் பாலாடையும் கருஞ்சிவப்பும் முடிவாயின. நோயாளி படுக்கும் ஸ்ட்ரெச்சர், காலத்துக்குப் பொருந்தாத பொருள் என்று கழற்றப்பட்டது. அந்த இடத்தில் ரெக்சின் சோபா வந்தது. ஆக்சிஜன் சிலிண்டர் மாட்டும் வளையத்தில் பூச்சாடி வைத்தார்கள்.

தங்கையா மறுபடி போய் நின்றார்.

"கிளட்ச் பிளேட்டுங்க..."

"டி.வி.யில கிளட்ச் பிளேட்ட எவ்வளவு நேரம் காட்டுறான்?" என்று கேட்டார் கண்டக்டர், தாடியைத் தடவிக்கொண்டு.

"காட்டுறதே இல்லைங்க."

"அப்புறம்? பாக்கறவனுக்கு எது தெரியுதோ அதுதான் முக்கியம். தெரியாதத எல்லாம் கடைசியில பாத்துக்கலாம்."

திறப்பு விழா மார்கழியில் வந்தது. தலைமை அலுவலகத்திலிருந்து அதிகாரிகளும், ஊட்டியிலிருந்து கேபிள் டி.வி.க்காரர்களும் வந்தார்கள். பன்னிரண்டு ஆட்கள் பின்னாலிருந்து தள்ள, வேன் கம்பீரமாக மைதானத்துக்குள் நுழைந்தது. தள்ளுகிறவர்கள் படத்தில் விழாமல் குனிந்து தள்ளும்படி கண்டக்டர் பார்த்துக்கொண்டார். ஜனங்கள் வாயைப் பிளந்தார்கள். உண்மையைச் சொல்ல வேண்டும், வேன் அழகாகத்தான் இருந்தது.

அப்போது தங்கையா ஓடி வந்தார்.

"தொரை, சுப்பம்மாவுக்கு மூச்சு முட்டுது. ஒதடெல்லாம் நீலமாயிருச்சு. வேனு வேணுங்க!"

"எந்த வேன்?"

"இதுதாங்க. ஆம்புலன்ஸ்."

துரை அவரை ஓரமாக இழுத்துப்போய்த் தாழ்ந்த குரலில், பொறுமையாகவே கேட்டார். "அந்த நிகழ்ச்சியில எப்பவாவது நோயாளிய ஏத்திக் காட்டியிருக்கானா?"

"இல்லைங்க."

"அந்த மாதிரியே வேணும்னு கேட்டது யாரு?"

"நாங்கதாங்க."

"நூத்திப்பதிமூணு பேரு. படிவம் என்கிட்ட இருக்கு. ஓடணும்னு ஒருத்தராவது எழுதினீங்களா?"

அதற்குள் காளியம்மாளும் நாலு பெண்களும் சுப்பம்மாவைக் கம்பளியில் தூக்கி வந்து, கொழுந்து ஏற்றும் டிராக்டரில் சாக்குகளின் மேல் கிடத்திவிட்டார்கள். டிராக்டர் புறப்பட்டது. பின்னாலேயே ஓடப் போன தங்கையாவின் முகத்துக்கு நேரே மைக் வந்தது.

"ஐயா நீங்கதான் இந்த வேனோட டிரைவராமே! உங்க கருத்து என்னங்க?"

திட்டித் தீர்க்க அவரிடம் ஒரு வண்டி வார்த்தை இருந்தது. ஆனால் கேமராவின் பக்கத்துச் சின்னத் திரையில் தங்கையாவின் முகம் தெரிந்தது. ஐம்பத்திரண்டு வருஷத்தில் அதை அவர் அப்படிப் பார்த்ததில்லை. கை தானாகத் தலைமுடியை ஒதுக்கிவிட்டது.

"ரொம்ப நல்லா இருக்குதுங்க" என்றார். சொல்லிவிட்டு டிராக்டரைத் துரத்திக்கொண்டு ஓடினார்.

சுப்பம்மா பிழைத்துக்கொண்டாள், குழுவுக்குத் தடுக்க நேரமில்லாததால். மூன்றாம் நாள் ஊட்டி ஆஸ்பத்திரி வார்டு டி.வி.யில் விழாவைக் காட்டினார்கள். கணவனின் சிரித்த முகத்தை அவள் படுத்தபடியே பார்த்தாள்.

"என்னைய டிராக்டர்ல ஏத்துனத எடுக்கலியா?"

"இல்ல புள்ள."

"நல்லதாப் போச்சு. எடுத்திருந்தா அதுக்கும் பெயிண்ட் அடிச்சிருப்பானுங்க."

தங்கையா தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். இனி எதற்கும் கைநாட்டு வைப்பதில்லை என்று அவள் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார்.

திங்கட்கிழமை பெரட்டில் புதிய படிவம் வந்தது. இரண்டாம் கட்டமாகக் கொழுந்து டிராக்டருக்குப் புத்துயிர்ப்பு அளிப்பது குறித்துப் பார்வையாளர் கருத்து வரவேற்கப்பட்டது. கேபிள் டி.வி.க்காரர்கள் மறுபடியும் வருகிறார்கள், இந்தத் தடவை தொழிலாளர்களையும் வரிசையாக நிறுத்தி எடுப்பார்கள் என்று கண்டக்டர் அறிவித்தார். ஜனங்கள் மத்தியில் ஒரு சலசலப்பு. எந்தச் சேலை கட்டுவது என்று பின்வரிசையில் பேச்சு எழுந்தது. காளியம்மாள்கூடக் கொண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"மொதல்ல யாரு?" என்றான் பாலகுமார்.

"தங்கையாண்ணன் போடட்டும்! டி.வி.யில வந்தவரு!" என்று யாரோ கத்த, எல்லாரும் கை தட்டினார்கள்.

முடியாது என்று சொல்லத்தான் தங்கையா முன்னால் போனார். நூறு முகம் சந்தோஷமாக அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. மைப்பெட்டி திறந்திருந்தது. அவர் விரலை வைத்தார். அவருக்குப் பின்னால் நூற்றுப்பதினொரு பேர் வைத்தார்கள்.

மிச்சம் ஒரு பெயர் இருந்தது. பாலகுமார் சுப்பம்மாவின் பெயருக்கு நேரே, 'சிகிச்சையில் இருப்பதால் கருத்து இல்லை' என்று எழுதிக்கொண்டான்.