தீப்பிடிக்காத கோட்டு

அரைகுறையாகப் படித்தவன் கையில் தீப்பெட்டியைக் கொடுக்கக் கூடாது. எல்லாம் படித்துவிட்டதாக நினைப்பவன் கண்ணில் அதைக் காட்டவே கூடாது. நான் இரண்டாவது ரகம்.

எண்பத்தொன்பதில் ராஜபாளையத்தில் பாண்டேஜ் துணி நெய்யும் ஒரு மில்லின் லேபில் வேலை பார்த்தேன். (லேப் என்றால் ஒரு மேஜை, ஒரு பர்னர், நான்.) வெங்காரமும் போரிக் பவுடரும் கரைத்த தண்ணீரில் பருத்தித் துணியை முக்கி உலர்த்தினால் லேசில் தீப்பிடிக்காது. இதை நானே கண்டுபிடித்தது போல ஊருக்குள் நடந்துகொண்டிருந்தேன்.

ஸ்ரீவில்லிபுத்தூர் தீயணைப்பு நிலையத்தில் செய்துகாட்ட முதலாளி நாள் வாங்கிவிட்டார். "ஒரு துண்டுத் துணிய மட்டும் எரிச்சுக் காட்டும், போதும்" என்றார்.

எனக்குப் போதவில்லை. அந்தத் துணியில் ஒரு கோட்டே தைத்து, நானே போட்டுக்கொண்டு, கையில் தீ வைத்துக் காட்டத் தீர்மானித்தேன்.

இரண்டு நாள் முன்னதாகவே கோட்டை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். கல்யாணமாகி மூன்று மாதம். செல்வி அதைத் தடவிப் பார்த்தாள்.

"என்னங்க இது, அம்புட்டும் வெள்ளை வெள்ளையா உதிருது?"

"அதெல்லாம் கம்பெனி ரகசியம்" என்றேன்.

புறப்படும் நாளில் கோட்டு மொடமொடவென்று இஸ்திரி போட்டு, பையில் தயாராக இருந்தது. பூரித்துப் போனேன். ஏன் மொடமொடக்கிறது என்று யோசிக்கவில்லை.

நிலைய முற்றத்தில் அதிகாரியும் ஆட்களும் சுற்றி நின்றார்கள். கோட்டின் இடது கையில் மெழுகுவர்த்தியைக் காட்டி, "இப்போது பாருங்கள், தானாக அணையும்" என்றேன். தீ முழங்கைக்கு ஏறியது. "அணையும் சார், அணையும்" என்று கத்திக்கொண்டே முற்றத்தை ஒரு சுற்று ஓடி முடித்தேன். அதற்குள் ஈரச் சாக்கோடு மூன்று பேர் மேலே விழுந்து அமுக்கிவிட்டார்கள். போனது கை ரோமமும் மீசையில் ஒரு பக்கமும். முழங்கையில் இரண்டு கொப்புளம்.

அதிகாரி குனிந்து பார்த்தார். "தம்பி, உங்க துணி பெயிலு. எங்க ஆளுக பாஸு."

திரும்பும் பஸ்ஸில் முதலாளி எனக்கு மூன்று சீட் தள்ளி உட்கார்ந்தார்.

வீட்டு வாசலில் என்னைப் பார்த்ததும் செல்வி அழுதுவிட்டாள். "நல்லாத் தொவைச்சு, கஞ்சி போட்டுத்தான குடுத்தேன்!"

வெங்காரம் மொத்தமும் சாக்கடையோடு போயிருந்தது. ரகசியத்தைக் காப்பாற்றியவன் நான்.

வேலை போயிற்று என்று நினைத்துத்தான் மறுநாள் முதலாளியிடம் உண்மையைச் சொன்னேன். அவர் என் அரை மீசையைப் பார்த்தார்.

"எந்தக் கோட்டயும் ஒருநா தொவைக்கத்தானவே செய்வாங்க? இது ஏன் உமக்குத் தோணல?"

அன்று முதல் சாம்பிள் துணியெல்லாம் முதலில் எங்கள் வீட்டுக்கு வந்தது. செல்வி அடித்துத் துவைத்துக் கொடுப்பாள்; நான் இடுக்கியால் பிடித்து எரிப்பேன். ஒன்றுகூடத் தேறவில்லை. மில் பாண்டேஜ் துணிக்கே திரும்பியது.

இப்போதும் வீட்டுக்கு வருகிறவர்கள், "மில்லுல என்ன வேலை பாத்தீங்க?" என்று என்னைக் கேட்டால் அடுப்படியிலிருந்து பதில் வந்துவிடும்.

"டெஸ்ட் பண்ணுனது நான். அவிய வெறும் சாம்பிளு."